யாங்சி ஆறு முழுசா ஒரு பெட்டிக்குள்ள: ஜாங் டாச்சியென் சுருள் ஓவியத்தோட பிரிண்ட் வாங்கலாமா?

முதல்லயே சொல்லிடுறேன், ஹால்ல சோபாவுக்கு மேல மாட்ட படம் தேடுறவங்க இத வாங்காதீங்க. இது மாட்டுற ஐட்டமே இல்ல. மேசைல வச்சு ரெண்டு கையாலயும் உருட்டி உருட்டி பாக்குற ஐட்டம். இத தெரிஞ்சுக்காம வாங்கி, ஃப்ரேம் கடைக்காரர்கிட்ட போயி பத்து மீட்டர் நீளத்துக்கு கண்ணாடி போடுவீங்களான்னு கேட்டவங்க எனக்கு தெரிஞ்சே இருக்காங்க.

நான் இருக்கிறது தைவான்ல, ஷின்சூ பக்கம். வாங்குனது தைபேல ஒரு சின்ன ஆர்ட் பிரிண்ட் கடை, பேரு வேணாம், ஏன்னா குறை சொல்லப்போறேன், அதே சமயம் கடைக்கார அம்மா ரொம்ப நல்லவங்க. பொருள் என்னன்னா சீன ஓவியர் ஜாங் டாச்சியென் 1968-ல வரைஞ்ச யாங்சி நெடும்பயண ஓவியம், அதோட பாதி சைஸ் பிரிண்ட். ஒரிஜினல் கிட்டத்தட்ட 20 மீட்டர் நீளம், அரை மீட்டருக்கு கொஞ்சம் மேல உயரம், தைபேல நான்ஹாய் ரோட்டுல இருக்கிற தேசிய வரலாற்று அருங்காட்சியகத்துல இருக்கு. பாதி சைஸ்னா நீளமும் பாதி உயரமும் பாதி, அதனால பரப்பளவுல கால்வாசிதான் கிடைக்குது, இத கடைல யாரும் சொல்ல மாட்டாங்க, கணக்கு போட்டுட்டு போங்க.

யாங்சிய முழுசா ஒரே சுருள்ல வரையுறது சீனாவுல பல நூறு வருஷமா நடக்குற வேலை. இதே தலைப்புல ஏகப்பட்ட படம் இருக்கு. வூ வெய் 1505-ல வரைஞ்சது பெய்ஜிங் அரண்மனை மியூசியத்துல இருக்கு, கிட்டத்தட்ட 9.76 மீட்டர், வெறும் மையிலயே வேகமா அடிச்சு தள்ளியிருப்பாரு. வாங் ஹுய் 1699-ல வரைஞ்சது 16 மீட்டர், இப்போ அமெரிக்கால பாஸ்டன் மியூசியத்துல. அந்த வாங் ஹுய் படத்துக்கு ஒரு கதை உண்டு, 1875-ல வெங் தோங்ஹ-ன்னு ஒரு பெரிய அதிகாரி, பேரரசருக்கே பாடம் சொல்லிக்குடுத்தவரு, வீடு வாங்க வச்சிருந்த காச எடுத்து இந்த படத்த வாங்கிட்டாரு. வீட்டம்மா என்ன சொன்னாங்கன்னு வரலாறு பதிவு பண்ணல. அவரு வம்சத்துல வந்த ஒருத்தரு 1948-ல குடும்ப சேகரிப்ப அமெரிக்காவுக்கு எடுத்துட்டு போயி, 2018-ல பாஸ்டனுக்கு குடுத்தாரு. வாஷிங்டன்ல ஃப்ரீயர் கேலரிலயும் சோங் வம்ச காலத்து யாங்சி சுருள் ஒண்ணு இருக்கு, அதுவும் 16 மீட்டருக்கு மேல.

அப்புறம் ஏன் 1968 படத்த எடுத்தேன்னா, கலருக்காக. பழைய சுருள் பெரும்பாலும் நூத்துக்கணக்கான வருஷத்துல பட்டு பழுத்து டீ கலர்ல போயிருக்கும், அத பிரிண்ட் போட்டா இன்னும் மங்கலா இருக்கும், சின்ன சைஸ்ல ஒண்ணும் புரியாது. இதுல நீலமும் பச்சையும் பளிச்சுன்னு இருக்கு. இன்னொரு காரணம் வரைஞ்ச ஆளு.

அந்த ஆளப்பத்தி கொஞ்சம் சொல்லாம ரிவ்யூ முடியாது. ஜாங் டாச்சியென் 1899-ல சிச்சுவான்ல நெய்ஜியாங்ல பொறந்தவரு. 1941-லேர்ந்து ரெண்டு மூணு வருஷம் வடமேற்கு சீனாவுல துன்ஹுவாங் புத்தர் குகைங்கள்ல உக்காந்து சுவர் ஓவியங்கள காப்பி எடுத்தாரு. 1949-ல சீனாவ விட்டு கெளம்புனவரு திரும்பி போகவே இல்ல. 1950-ல இந்தியாவுக்கு வந்தாரு, டெல்லில கண்காட்சி வச்சாரு, அஜந்தா போயி அங்க தங்கி படங்கள ஆராய்ச்சி பண்ணாரு, துன்ஹுவாங்கோட ஒப்பிட்டு பாக்கணும்னு, டார்ஜிலிங்ல கொஞ்ச காலம் குடியிருந்தாரு. அப்புறம் அர்ஜென்டினா, அப்புறம் பிரேசில். பிரேசில்ல சாவ் பாவ்லோ பக்கத்துல நிலம் வாங்கி ஏரி வெட்டி, மண்டபம் கட்டி, முழு சீனத் தோட்டம் ஒண்ணு போட்டாரு. இந்த யாங்சி படம் அந்த பிரேசில் காலத்துல வரைஞ்சது! ஆத்த விட்டு வந்து பத்தொம்பது வருஷம் ஆச்சு, உலகத்தோட அந்தப்பக்கம் உக்காந்துகிட்டு, மொத்த ஆத்தையும் ஞாபகத்துலேர்ந்தே இறக்கியிருக்காரு. அதுவும் 1957-லேர்ந்து கண்ணு சரியில்ல, சர்க்கரை வியாதி வேற. கண்ணு மங்குன பிறகுதான் அவரோட ஸ்டைலே மாறுது, நுணுக்கமா கோடு போடுறத குறைச்சிட்டு மையையும் கலரையும் அப்படியே ஊத்தி ஓட விட்டு, அதுலேர்ந்து மலையையும் மேகத்தையும் வெளிய எடுக்குறாரு.

யாருக்காக வரைஞ்சாருன்னா ஜாங் சுன்-ங்கிற பழைய அரசியல்வாதிக்கு, அவரோட எம்பதாவது பிறந்தநாளுக்கு. அவரும் சிச்சுவான்காரரு, ஊருக்கு போக முடியாம தைவான்ல இருந்தவரு. ரெண்டு பேருக்கும் பொதுவான ஊரு ஆறு, அதையே சுருட்டி பரிசா குடுத்துட்டாரு. இது தெரிஞ்சப்புறம் எனக்கு வேற எந்த யாங்சி படத்து மேலயும் மனசு போகல.

இன்னொரு வேடிக்கை என்னன்னா ஜாங் டாச்சியென் இருவதாம் நூற்றாண்டோட பெரிய போலி ஓவியக்காரரும்கூட. பழைய மாஸ்டருங்க பேர்ல அவரு வரைஞ்சத பாஸ்டன் மியூசியம் 1957-ல பத்தாம் நூற்றாண்டு படம்னு நம்பி வாங்கிடுச்சு, லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துலயும் அவரு கைவேலை ஒண்ணு இருக்கு. அப்படிப்பட்டவரோட படத்துக்கு நகல் வாங்கி அது சரியா இல்லன்னு நான் ரிவ்யூ எழுதுறேன், மேல இருந்து பாத்தா சிரிப்பாரு.

சரி, பொருளுக்கு வருவோம்.

பெட்டி நல்லாருக்கு. துணி ஒட்டுன அட்டைப்பெட்டி, உள்ள ஸ்பாஞ்ச் வெட்டி சுருள் ஆடாம வச்சிருக்காங்க. சுருளுக்கு வெளிப்பக்கம் பூவேலை போட்ட பட்டுத்துணி, கட்டுறதுக்கு நாடா, நாடா நுனில ஒரு சின்ன ஊசி மாதிரி கொக்கி, எலும்புன்னு சொன்னாங்க, பாத்தா பிளாஸ்டிக். அதுல எனக்கு வருத்தம் இல்ல. உள்ள இருக்கிற மரக்கட்டை உருளை நேரா இருக்கு, இதுதான் முக்கியம், உருளை கோணலா இருந்தா பத்து மீட்டரையும் சுத்தி முடிக்கும்போது ஒரு பக்கம் நீட்டிக்கிட்டு நிக்கும், ஓரம் கிழிய ஆரம்பிக்கும். கடைலயே முழுசா ஒரு தடவ பிரிச்சு சுத்தி காட்ட சொல்லுங்க, முகம் சுளிச்சா வேற கடை பாருங்க. எனக்கு அந்த அம்மா மேசைய தொடச்சிட்டு பொறுமையா முழுசும் பிரிச்சு காட்டுனாங்க.

பிரிண்ட் பட்டுல வேணுமா பேப்பர்ல வேணுமான்னு கேப்பாங்க. பட்டுன்னு அவங்க சொல்றது பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்தது, லைட்ட பக்கவாட்டுல பிடிச்சா மினுக்கும், போட்டோ எடுத்தா நல்லாருக்கும், கண்ணுக்கு எரிச்சல். நான் ஷுவான் பேப்பர்ல எடுத்தேன், சீனாவுல எழுத்துக்கும் ஓவியத்துக்கும் காலங்காலமா பயன்படுற பேப்பர், மை அதுல இறங்குற விதமே தனி. பிரிண்டர் இங்க் அந்தளவுக்கு இறங்காதுன்னாலும் மினுக்காம, கண்ணுக்கு இதமா இருக்கு.

கருப்பு மை இருக்கிற இடமெல்லாம் பிரமாதம். மரங்கள், படகு, பாறை மடிப்பு, தண்ணிக்கு மேல இழுத்திருக்கிற மெல்லிசு கோடு, பாதி சைஸ்லயும் தெரியுது. சாம்பல் கலர்ல எத்தன நிலை இருக்கோ அத்தனையும் வந்திருக்கு. எங்க அடி வாங்குதுன்னா நீலத்துல. ஒரிஜினல்ல அந்த நீலமும் பச்சையும் கல்லுலேர்ந்து வர்றது, அசூரைட், மாலகைட்னு சொல்ற செம்புத் தாதுக்கல்ல அரைச்சு பசை கலந்து போடுறது. அதுல துகள் துகளா இருக்கும், வெளிச்சம் ஒவ்வொரு துகள்லயும் வேற வேற மாதிரி அடிக்கும், அதனால கிட்ட போனா ஒரு கனம் தெரியும். அவரோட வேற பெரிய படங்கள நேர்ல பாத்திருக்கேன், அந்த நீலம் பேப்பருக்கு மேல உக்காந்திருக்கிறது கண்ணுக்கே தெரியும். பிரிண்ட்ல அது தட்டையா ஒரே நீலமா கெடக்கு, சில இடத்துல லேசா ஊதா அடிக்குது. இது இந்த கடையோட தப்பு மட்டும் இல்ல, இங்க்ஜெட்டால இதுக்கு மேல முடியாது. ஆனா ஊதா அடிக்கிறது கடையோட தப்புதான், முன்னாடியே ஒரு சோதனை பிரிண்ட் அடிச்சு கலர ஒழுங்கா பாத்திருந்தா சரி பண்ணியிருக்கலாம்.

பெரிய குறைக்கு வர்றேன். பத்து மீட்டர ஒரே பேப்பர்ல அடிக்கல, துண்டு துண்டா அடிச்சு ஒட்டியிருக்காங்க. ஒட்டுறது ஒண்ணும் பாவம் இல்ல, ஆனா எங்க ஒட்டுறதுன்னு யோசிக்கணும் இல்ல? சரியா மூணு கணவாய் பகுதில, மலை ரெண்டும் கிட்ட நெருங்கி ஆறு இறுகிப்போயி பாயுற இடத்துல ஒரு ஒட்டு வச்சிருக்காங்க, செங்குத்தா ஒரு கோடு, ரெண்டு பக்கமும் நீலம் ஒரு ஷேடு வித்தியாசம். மொத்த படத்துலயும் கண்ணு நிக்கிற இடம் அதுதான். வெறும் தண்ணியும் மூட்டமுமா போற இடம் எத்தன இருக்கு, அங்க வச்சிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அந்த அம்மாகிட்ட திரும்ப போயி காட்டுனேன், அவங்க கண்ணாடிய மாட்டிட்டு குனிஞ்சு பாத்துட்டு, ஃபைல் வர்றதே சம அளவா வெட்டித்தான் வருதுன்னாங்க. பிரிண்ட் போடுறவன் படத்த பாக்கல, சென்டிமீட்டர பாத்திருக்கான். மாத்தி தர்றேன்னாங்க, மாத்துனாலும் அதே ஃபைல்தானே, அதனால விலைல கொஞ்சம் குறைச்சுக்கிட்டு வந்துட்டேன்.

இனி பாக்குற முறை, இதுக்குத்தான் காசே. சீனச் சுருள் வலதுலேர்ந்து இடது பக்கம் போகும். முழுசையும் தரைல விரிச்சு போட்டு ட்ரோன் வியூ எடுக்காதீங்க, அதுக்கு வரையல. கை ரெண்டையும் விரிச்சா எவ்ளோ தூரமோ அவ்ளோ மட்டும் திறந்து பாருங்க, இடது கை பிரிச்சுக்கிட்டே போகணும், வலது கை பாத்து முடிச்சத சுத்திக்கிட்டே வரணும். அப்பதான் ஆறு நகரும். இத ஸ்கிரீன்ல ஸ்க்ரோல் பண்ணலாமேன்னு கேக்குறவங்களுக்கு, பண்ணி பாத்துட்டு வாங்க, கை எவ்ளோ வேகமா போகுதுன்னு பாருங்க.

தொடக்கம் மின் ஆறு, துஜியாங்யான் பக்கத்துல கயித்துப்பாலம். இங்க ஒரு விஷயம் கவனிக்கணும், யாங்சியோட தலைப்பாகம் மின் ஆறு இல்ல, ஜின்ஷா ஆறுன்னு ஷூ ஷியாக்க-ங்கிற பயணி 17-ஆம் நூற்றாண்டுலயே எழுதிட்டாரு. அதுக்கு முன்னாடி ரொம்ப காலமா மின் ஆறுதான் தலைன்னு நம்பிக்கிட்டிருந்தாங்க. ஜாங் டாச்சியெனுக்கு இது தெரியாம இருந்திருக்காது. ஆனா சிச்சுவான்காரனுக்கு ஆறு ஊர்லேர்ந்துதானே கெளம்பணும். துஜியாங்யான் கி.மு. மூணாம் நூற்றாண்டுல லீ பிங் காலத்துல கட்டுன நீர்ப்பாசன அமைப்பு, நம்ம கல்லணை மாதிரி இன்னமும் வேலை செய்யுது, செங்து சமவெளிக்கே சோறு போடுறது அதுதான். பிரிண்ட்ல இந்த தொடக்கப் பகுதி அருமையா வந்திருக்கு, பாலம் தொங்குற வளைவு, அந்தப்பக்கம் மரங்கள், எல்லாம் மையில இருக்கிறதால தப்பிச்சிடுச்சு.

அப்புறம் சோங்சிங் தாண்டி கணவாய்கள். சூதாங், வூ, ஷிலிங்னு மூணு. சூதாங்குக்குள்ள நுழையுற வாசல் குய்மென், அத சீனாவோட பத்து யுவான் நோட்டுக்கு பின்பக்கம் போட்டிருக்காங்க, 1999 சீரிஸ்லேர்ந்து. எங்கிட்ட பழைய நோட்டு ஒண்ணு கெடந்தது, அத எடுத்து கணவாய் பகுதிக்கு பக்கத்துல வச்சு பாத்தேன், நோட்டுல இருக்கிறது போட்டோ பாத்து செதுக்குன துல்லியம், இவரோடது பயந்து கடந்து போனவனோட ஞாபகம். பாறை தலைக்கு மேல சாயுற மாதிரியே இருக்கும். நீங்களும் செஞ்சு பாருங்க, நோட்டு கிடைக்கிறது கஷ்டம் இல்ல.

இன்னொண்ணு, அந்த கணவாய் இப்போ அப்படி இல்ல. மூணு கணவாய் அணை வந்து 2003-ல தண்ணி தேக்க ஆரம்பிச்சு 2010-ல 175 மீட்டர் மட்டத்துக்கு ஏத்திட்டாங்க. பத்து லட்சத்துக்கும் மேல ஜனங்க இடம் பெயர்ந்தாங்க, பழைய ஊருங்க பல தண்ணிக்குள்ள, வெள்ளைப் பேரரசன் கோட்டைன்னு கவிஞருங்க பாடுன இடம் இப்போ தீவு. படகுகள கயிறு கட்டி கரையில நடந்து இழுத்த ஆளுங்களோட பாதையும் மூழ்கிப்போச்சு. 1968-ல வரைஞ்ச ஆளுக்கு இதெல்லாம் தெரியாது, அவரு 1983-லயே தைபேல இறந்துட்டாரு. அவரோட பிரேசில் தோட்டமும் பின்னாடி ஒரு நீர்த்தேக்கத்துக்குள்ள போயிடுச்சு. எங்க போனாலும் அணைக்காரன் விடல.

கணவாய் தாண்டுனதும் ஆறு அகலமாகும், மலை பின்வாங்கும். நடுவுல கொஞ்சம் தொய்வுதான், ஒளிக்காம சொல்றேன், பிரிண்ட்ல அந்த மூட்டமெல்லாம் வெறும் வெளிறலா தெரியுது, ஒரிஜினல்ல பட்டோட இழை இருக்கும்ல, அந்த உயிர் இங்க இல்ல. கடைசில சோங்மிங் தீவு, கடல். ஷாங்காய் பக்கத்துல ஆறு கொட்டுற வண்டலாலயே உண்டான தீவு அது. அந்த இடத்துல கரை எது தண்ணி எதுன்னு பிரிக்க முடியாம விட்டிருக்காரு, பிரிண்டரும் பிரிக்க முடியாம திணறியிருக்கு, தற்செயலா பொருந்திடுச்சு. படத்துல இருக்கிற எழுத்துப்பகுதிதான் பாதி சைஸ்ல ரொம்ப பொடிசு, சீனம் படிக்கிறவங்க பூதக்கண்ணாடி வச்சுக்கோங்க. சிவப்பு முத்திரைங்க மட்டும் நல்ல சிவப்புல வந்திருக்கு.

முழு சைஸ் வாங்கலாமான்னு கேட்டா, 20 மீட்டர் சுருளோட கனத்துக்கு ஒருத்தரா கைல பிடிச்சு உருட்ட முடியாது, ரெண்டு பேரு வேணும், விலை பல மடங்கு. அத மியூசியத்துக்கோ காலேஜுக்கோ விடுங்க. பட்ஜெட் கம்மின்னா அதே கடைல இதே படத்த விசிறி மடிப்பு புத்தகமா ஒண்ணு வச்சிருக்காங்க, பேப்பர் கெட்டி, கலர் உண்மைலயே இந்த சுருள விட நல்லா வந்திருக்கு, ஏன்னா அது புத்தகம் அடிக்கிற ஆஃப்செட் முறை, இங்க்ஜெட் இல்ல. ஆனா மடிப்பு மடிப்பா பாக்கணும், ஆறு விட்டு விட்டு ஓடும். ரெண்டுல ஒண்ணுதான் வாங்க முடியும்னா, படிக்கவும் விவரம் பாக்கவும் அந்த புத்தகம், உக்காந்து ஆத்தோட போக இந்த சுருள். நான் சுருளுக்கே ஓட்டு போடுவேன், ஒட்டு குறையோடயே.

பராமரிப்பு: கை கழுவி ஈரம் போக தொடச்சிட்டு தொடுங்க. டீய வேற மேசைல வைங்க. ரொம்ப இறுக்கி சுத்தாதீங்க, பேப்பருக்கு மடிப்பு விழும், தொளதொளன்னும் விடாதீங்க. நின்ன மேனிக்கு வைக்காம படுக்க வச்சு வைங்க. தைவான்ல ஈரக்காத்து கொடுமை, இங்க கேமராவுக்குன்னு விக்கிற ஈரம் உறிஞ்சுற அலமாரில வச்சிருக்கேன். ஊருக்கு எடுத்துட்டு போறவங்க, சென்னைல கடற்கரை பக்கம் வீடுன்னா மழைக்காலத்துல சிலிக்கா ஜெல் பாக்கெட் போடுங்க, பாச்சா உருண்டைய பெட்டிக்குள்ள நேரா போட்டு வைக்காதீங்க. ஒரேயடியா மூடியே வைக்கவும் கூடாது, அப்பப்ப ஈரம் இல்லாத நாளா பாத்து முழுசா ஒரு தடவ பிரிச்சு சுத்துங்க, பசை வாடையும் போகும்.

பார்சல்ல அனுப்புறேன்னு கடைல சொல்வாங்க, நான் வேணாம்னுதான் சொல்வேன், பெட்டி மூலை அடிபட்டா உருளை நுனிதான் முதல்ல உடையும். கேபின் லக்கேஜ்ல தாராளமா போகும், பெட்டி ஒரு முழத்துக்குள்ளதான். ஆர்டர் குடுக்கும்போது ஒட்டு எங்கெங்க வருதுன்னு ஃபைல திறந்து காட்ட சொல்லுங்க, கணவாய்ல வந்தா நகர்த்தி வெட்ட சொல்லுங்க, அந்த அம்மா இப்போ செஞ்சு தர்றாங்களாம், எனக்கப்புறம் வாங்குன ஒரு நண்பருக்கு ஒட்டு கணவாய்க்கு கீழ, தண்ணி மட்டும் இருக்கிற இடத்துக்கு போயிடுச்சு. அவரோட சுருள பாத்துட்டு வந்து என்னோடத ஒரு வாரம் நான் தொடல.